அரைப் பேர் வாங்காதவள்

காலையில் வீட்டைப் பூட்டியது மகன். பூட்டிய சாவியைத் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டதும் அவன்தான்.

“என்கிட்டயே இருக்கட்டும்மா,” என்றான் சதீஸ்குமார்.

பையைத் தூக்கித் தருகிறேன் என்பதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னான். சந்திரகாந்தா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாததை வைத்து ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தான் பாருங்கள், அங்கேதான் பிள்ளை தப்புக் கணக்குப் போட்டான். சந்திரகாந்தா வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றால் உள்ளுக்குள் அடுப்பு எரிகிறது என்று அந்தத் தோட்டத்தில் எந்தக் கங்காணியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

அந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். உக்குவளைக்கு மேலே, தேயிலையும் மிளகும் கலந்து கிடக்கிற ஒரு தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கிற லயங்களெல்லாம் முடிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் ஏறினால் வருகிற ஏழு பேர்ச் துண்டு நிலம். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, தகரக் கூரை. முச்சக்கர வண்டி கீழ் லயத்தோடு நின்றுவிடும். மிச்சத்துக்குப் படிதான். மண்ணில் அந்தப் படியை வெட்டியதும் சந்திரகாந்தா, வீட்டுக்கான சீமெந்துக் கல்லைத் தலையில் வைத்து அதில் ஏற்றியதும் சந்திரகாந்தா. லயத்து ஒற்றையறைக் காம்பராவில் பிறந்து, அதே காம்பராவில் பிள்ளை பெற்று, அங்கே இருக்கும்போதே புருசனையும் பறிகொடுத்து, கொழுந்துக் கூடையை ஒரேயடியாக இறக்கி வைத்த பிறகு வெளியே வந்தவள் அவள். அவளுக்கென்று ஒரு கதவு, அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி. சும்மாவா?

அந்தச் சாவிதான் இப்போது மகனின் பையில் கிடந்தது.

நடந்தது இதுதான். போன மாதத்து அடைமழையில் அந்தப் படியில் சறுக்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கி, எழும்ப முடியாமல் கிடந்தாள். கீழ் லயத்து அழகையா, ஆட்டைத் தேடி வந்த மனுசர், கண்டு தூக்கி உட்காரவைத்தார். அதோடு விட்டாரா? கொழும்புப் பக்கம் போன் அடித்து, உங்கம்மா செத்துப் பிழைத்தாள் என்கிற அளவுக்கு மகனிடம் ஓதிவைத்தார். வீக்கம் ஒரு கிழமையில் வடிந்துவிட்டது. மகனின் பயம் வடியவில்லை.

சதீஸ்குமாருக்குக் கொழும்பை ஒட்டிய வத்தளையில் ஓர் இரும்புக் கடையில் வேலை. மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். கல்யாணம் முடித்து ஒரு வருசம். மனைவி ஹம்சிகாவைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்து இறங்கினான். ஹம்சிகா கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள், சிகிரியாவைப் படத்தில் மட்டும் பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமை உக்குவளை ஸ்டேசனில் கோச்சி ஏறி மாத்தளைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, அந்த மலையையும் மலை உச்சியில் ராஜா கட்டிய மாளிகையையும் அவளுக்குக் காட்டுவது என்பது அவன் திட்டம். திங்கட்கிழமை அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வத்தளைக்குப் போவது என்று இன்னொரு திட்டமும் வைத்திருந்தான். அதைச் சனிக்கிழமை ராச்சாப்பாட்டில்தான் வெளியே எடுத்தான்.

“நாளைக்கு நாங்க சிகிரியா போய்ட்டு வந்துர்றோம். நீங்க உடுப்பெல்லாம் கட்டி வைங்கம்மா. திங்கக்கிழமை எங்களோட வந்துருங்க.”

“எத்தன நாளைக்கு?”

“நாள் கணக்கு இல்லம்மா. வீட்ட பூட்டிட்டே போயிருவோம். யாராச்சும் வாடகைக்கு வந்தா அழகையா மாமா பார்த்துக்குவாரு.”

“யாரு வீட்ட?”

“விளங்காத மாதிரி பேசாதீங்க. இந்தப் படியில ஏற ஏலாத ஆளு இங்க எப்புடித் தனியா இருப்பீங்க? இன்னொருக்கா விழுந்தா யாரு பார்ப்பா?”

ஏற ஏலாத ஆள். சந்திரகாந்தா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். மலையில் பிறந்து, மலையில் ஏறி இறங்கியே ஒரு பிள்ளையைப் படிக்கவைத்தவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? அதுவும் அந்தப் பிள்ளையே.

“சிகிரியாவுல எத்தன படி?” என்று கேட்டாள்.

“ஆயிரத்துச் சொச்சம் இருக்கும். எதுக்கு?”

“நானும் வர்றேன். உச்சி வரைக்கும் ஏறுறேன். எறங்கி, அந்திக் கோச்சியில வந்து, இந்தப் படியிலயும் ஏறி என் வீட்டுக்குள்ள போறேன். ஒருத்தர் கையையும் புடிக்க மாட்டேன். செஞ்சிட்டா, வத்தளைங்கிற பேச்ச நீ ஆயுசுக்கும் எடுக்கக் கூடாது. ஏலாமப் போச்சுன்னா நானே பெட்டியக் கட்டுறேன், சாவிய உன் கையில தர்றேன்.”

சதீஸ்குமார் சிரித்தான். சிரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தான், அவளும் சிரிப்பாள் என்று. ஹம்சிகா சிரிக்கவில்லை.

“மாமி சொன்னா செய்வாங்க போல,” என்றாள் அவள், தட்டைப் பார்த்துக்கொண்டு.

“சரிம்மா, பந்தயம்,” என்றான் மகன். சொன்னவன் விடியற்காலையிலேயே சாவியைப் பையில் போட்டுக்கொண்டானே, அந்த அவசரத்தை என்னவென்று சொல்வது? பந்தயம் முடியுமுன்னே பரிசை எடுத்து வைத்துக்கொண்டான் துரை.

உக்குவளை ஸ்டேசனில் தெரிந்த முகங்கள் நிறைய. சந்தைக்குப் போகிறவர்கள், முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். எங்கே பயணம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சந்திரகாந்தா “சிகிரியாவுக்கு, மேல ஏற” என்றாள். மிளகு வியாபாரி மர்சூக் நானா அவள் கையிலிருந்த கம்பைப் பார்த்துவிட்டு, “அதென்ன அக்கா, மாட்ட ஓட்டவா?” என்று கேட்டார். “ஆள ஓட்ட,” என்றாள் அவள். மர்சூக் நானா வாய்விட்டுச் சிரித்தார். சதீஸ்குமார் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அது மட்டக்கம்பு. கொழுந்து பறிக்கிறபோது செடியின் மேல் போட்டு மட்டம் பார்க்கிற கம்பு. கூடையைத் தோட்டத்தில் திருப்பிக் கொடுத்தவள் கம்பை மட்டும் கொடுக்கவில்லை.

கோச்சி வந்தது. ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தாள். ஆயுசு பூராவும் மேலே மலையில் நின்று இந்தக் கோச்சியின் சத்தத்தைக் கேட்டவள் அவள். காலைக் கோச்சி கத்தினால் முதல் நிறுவைக்கு நேரமாகிறது, பகல் கோச்சி கத்தினால் பச்சத்தண்ணி குடிக்க நேரமாகிறது. அதில் ஏறியது என்னவோ ஆஸ்பத்திரிக்கும் கோயில் தேருக்கும் மட்டும்தான். இன்றைக்குத்தான் ஊர் பார்க்கப் போகிறாள். பாக்கு மரங்களும், வீடுகளின் பின்பக்கமும், கொடியில் காய்கிற பள்ளிக்கூட உடுப்புகளும் ஓடின. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மகன் சாய்ந்து உட்காரும்போதெல்லாம் பைக்குள் சாவி சில்லறையோடு கிலுங்கிச் சத்தம் போட்டது. அந்தச் சத்தம் அவளை நிம்மதியாக ஜன்னலைப் பார்க்க விடவில்லை.

“முட்டி வலிக்குதா மாமி?” என்று ஹம்சிகா மெதுவாகக் கேட்டாள்.

“வலிக்குது. வலிக்காம இருக்க அது என்ன கருங்கல்லா? வலிச்சா வலிக்கட்டும். நான் ஒருநாளும் அரைப் பேர் வாங்கினவ இல்ல.”

“அரைப் பேர்னா?”

தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹம்சிகாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டத்தில் ஒரு நிறை வைத்திருப்பார்கள். அதைப் பறித்துக் கொட்டினால் செக்ரோல் பதிவேட்டில் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். மழை பெய்ததா, அட்டை கடித்ததா, அதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். சம்பளம் குறைவதுகூடப் பரவாயில்லை. ‘இன்னைக்கு அவளுக்கு அரைப் பேராம்’ என்று பீலியடியில் தண்ணீர் பிடிக்கிறபோது மற்றப் பெண்கள் பேசுவார்கள் பாருங்கள், அதுதான் தாங்காது. சந்திரகாந்தாவைப் பற்றி அப்படிப் பேச யாருக்கும் வாய்க்கவில்லை. புருசனின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, அவன் விழுந்த அதே மலைக்கு அவளை அனுப்பினார்கள். அன்றைக்கும் முழுப் பேர்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். இறங்கி நடக்கையில் மரங்களுக்கு மேலே அந்தக் கல் தெரிந்தது. தெரிந்தது என்ன, நின்றது. பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஒரு செடிகூட இல்லாமல் செங்குத்தாக நின்றது. சந்திரகாந்தாவுக்கும் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மகன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் அவள் மலையைப் பார்த்து, “ம், இவ்வளவுதானா?” என்றாள்.

டிக்கெட் எடுக்கிற இடத்தில் ஒரு கூத்து நடந்தது. மகனும் மருமகளும் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போயிருந்தார்கள். அவள் தன் டிக்கெட்டைத் தானே எடுக்கப் போனாள். வரிசைக்கு மேலே பலகைகள். ஒன்றில் இந்தியா என்ற சொல் கண்ணில் பட்டது. கால் நேரே அந்த வரிசைக்குப் போய் நின்றுகொண்டது. அவளுக்கு முன்னால் சுடிதார் போட்ட நான்கு பெண்களும், கழுத்தில் கமெரா தொங்கவிட்ட ஒரு ஐயாவும் நின்றார்கள். முறை வந்ததும் உள்ளே இருந்த பிள்ளை அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு சிங்களத்தில் கேட்டாள்: “அம்மா, நீங்க இந்த நாட்டு ஆள்தானே? எதுக்கு வெளிநாட்டு வரிசையில வந்து நிக்கிறீங்க?”

எதற்கு நின்றாள்? பிறப்புப் பத்திரத்திலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது வரைக்கும் ஒவ்வொரு கடதாசியிலும் இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழ், இந்தியத் தமிழ் என்று போட்டுப் போட்டு, அந்தச் சொல்லைக் கண்டாலே கால் தானாகப் போகிறது. இந்தியாவை அவள் கண்டதுமில்லை. அவளுடைய அம்மாவும் கண்டதில்லை. தோட்டத்துக்குக் கீழே ஓடுகிற கோச்சியில்கூட இன்றைக்கு வரைக்கும் ஊர் பார்க்க ஏறாதவள் அவள்.

“இந்த நாடுதான் மகள். இங்கிருந்து ஒரு கோச்சி தூரம்,” என்று சிங்களத்திலேயே சொன்னாள். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு மற்ற வரிசையைக் காட்டினாள். சந்திரகாந்தாவுக்குக் கோபம் கோபமாக வந்தது, முழுக்கத் தன் கால் மேலேயே. ‘இன்னைக்கு ஏறுவ பாரு’ என்று காலிடம் சொன்னாள்.

ஏறினாள். எப்படி ஏறினாள் என்று கேட்டால், மலையில் ஏறுகிற மாதிரி ஏறினாள். நேராக நெஞ்சை நிமிர்த்திப் படியைத் தாவவில்லை. உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, பாதத்தை முழுக்க ஊன்றி, முதுகில் கூடை இருக்கிறது என்கிற நினைப்போடு குனிந்து, கம்பைத் தட்டித் தட்டி ஏறினாள். பேசவில்லை. இளசுகளெல்லாம் இரண்டு இரண்டு படியாகத் தாண்டி முன்னால் போனார்கள். கொஞ்சத் தூரத்தில் அதே ஆட்கள் கல்லில் உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டிப் போனாள். முட்டி வலித்தது, ரொம்பவே வலித்தது. வலிக்கிற காலை அவள் தனக்குள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டாள்.

சுழன்று போகிற இரும்புப் படியில் ஏறிப் பாறையில் தீட்டிய பெண்களைப் பார்த்தார்கள். கையில் பூவும் கழுத்தில் நகையுமாக அந்தப் பெண்கள் மேகத்துக்கு மேலே நின்றார்கள். ஹம்சிகா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

“அழகா இருக்காங்க, இல்ல மாமி?”

“அழகுதான். விரலப் பாரு, ஒரு வெடிப்புக் கூட இல்ல. ஒருநாளும் கொழுந்து கிள்ளியிருக்க மாட்டாளுக.”

பின்னால் வந்த சதீஸ்குமாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் மூன்று பேருமே சந்தோசமாக இருந்தார்கள். சாவியைக்கூட அவள் கொஞ்ச நேரம் மறந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் சிங்கப் பாதம். பாதி மலையில் ஓர் அகலமான வெளி. கல்லில் செய்த இரண்டு பெரிய பாதங்கள், ஒவ்வொரு நகமும் ஆள் உயரம். அந்த இரண்டு பாதங்களுக்கும் நடுவில் நுழைந்து, பாறையில் ஒட்டிக்கொண்டு போகிற இரும்புப் படியில் ஏறினால் உச்சி. பக்கத்தில் ஒரு பலகை, மூன்று மொழியிலும்: குளவி உண்டு, சத்தம் போடாதீர்கள். அண்ணாந்து பார்த்தாள். பாறையின் மடிப்பில் கறுப்பாக, பெரிது பெரிதாக, கூடுகள் தொங்கின.

சதீஸ்குமாரும் அண்ணாந்து பார்த்தான். பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவள் புருசன் கணபதி செத்தது குளவி கொட்டித்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது மரத்திலிருந்து கூடு கலைந்து இறங்கியது. லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் லயத்தடியில் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சதீஸ்குமார் ஓடிப்போய் லொறியில் தொற்றிப் பார்த்தான். அப்பாவின் முகத்தில் கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒருநாள்கூடத் தேயிலை மலைக்குள் கால் வைக்கவில்லை. படிப்பு முடிந்த கையோடு கொழும்புக்குப் போனான். வேலைக்காகப் போனான் என்றுதான் ஊர் பேசிக்கொண்டது. சந்திரகாந்தாவுக்குத் தெரியும் அவன் எதற்காகப் போனான் என்று.

“போதும்மா,” என்றான் இப்போது, தரையைப் பார்த்துக்கொண்டு. “திரும்புவோம்.”

“எனக்கு ஏலும். இன்னும் ஏறலாம்.”

“ஏலும்னு தெரியுது. இவ்வளவு தூரம் ஏறிட்டீங்க, அதுவே பெரிசு. பாதிக்கு நான் ஒத்துக்கிறேன். ரெண்டு மாசம் உங்க வீட்டுல இருங்க, அதுக்குப் பொறகு பேசுவோம். இப்ப எறங்குவோம், கெஞ்சிக் கேக்கிறேன்.”

சந்திரகாந்தாவின் கால் நகரவில்லை. அது அவன் பேச்சுக்காக அல்ல. அவளுக்கும் அந்தக் கறுப்புக் கூடுகளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. முட்டிதான் தன்னைக் கவிழ்க்கும் என்று சனிக்கிழமையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். முட்டி தாங்கிவிட்டது. இது வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இறங்கிப் போனால் என்ன? மகன் கேட்கிறான், புருசனைக் கொன்ற பூச்சி தலைக்கு மேலே தொங்குகிறது, யார் குறை சொல்வார்கள்? ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

பாதிக்கு ஒத்துக்கொள்கிறானாம். ரெண்டு மாசமாம். அந்தச் சொல் அப்போதுதான் அவளுக்குச் சரியாக உறைத்தது.

“அரைப் பேரா?” என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், பலகையில் போட்டிருந்ததே. “எனக்கு அரைப் பேர் போட வந்தியாடா நீ? கணக்கப்பிள்ளையே போடல.”

“அம்மா, அப்பாவ நெனச்சுப் பாருங்க.”

“நெனைக்காம இருக்கேனா? அவரு செத்த மலையில அதுக்குப் பொறகு எத்தன வருசம் கூடையத் தூக்கினேன். தெனமும் அந்த மரத்தடியிலதான் போனேன், வந்தேன். பயமில்லாம போனேன்னா நெனைக்கிற? பயந்துகிட்டேதான் போனேன். போனதாலதான் நீ படிச்ச. நீ பயந்து ஊர விட்டுப் போன, நான் ஒரு வார்த்த கேட்டேனா? உன் பயம் உன்னோட. அத கொண்டுவந்து என் கதவுல பூட்டா மாட்டாத.”

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.  பெற்றவளுக்குப் பொறுக்குமா? குனிந்து அவன் தலையை ஒருதரம் தடவினாள். பிறகு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, மலையில் போர்த்துவதுபோலக் காதையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, சிங்கத்தின் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் நுழைந்தாள். ஹம்சிகா புருசனைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். கைப்பையைப் புருசன் மடியில் வைத்துவிட்டு மாமியின் பின்னாலேயே போனாள்.

இரும்புப் படி ஆடியது. காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. கூடுகளுக்கு நேர் கீழே வந்தபோது சந்திரகாந்தா மூச்சைக்கூடச் சின்னதாக விட்டாள். கம்பைத் தட்டவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கம்பியைப் பிடித்தாள். கம்பி ஒருத்தர் கை இல்லையே. ஒரு காலை வைத்து, மற்றக் காலை அதே படிக்குக் கொண்டுவந்து, அப்படியே ஏறினாள். கீழே பார்க்கவில்லை. மேலே கூட்டையும் பார்க்கவில்லை. எதிரில் இருந்த பாறையை மட்டும் பார்த்தாள். ‘சாமி, கொட்டுறதுன்னா எறங்கும்போது கொட்டட்டும்’ என்று முத்துமாரியம்மாவிடம் ஒரு பேச்சுப் பேசிக்கொண்டாள்.

படி முடிந்தது. வானம் திறந்தது.

உச்சியில் மாளிகையைத் தேடினாள். சுவரின் அடிக்கட்டுகள் வரிசை வரிசையாக இருந்தன, பாறையில் வெட்டிய ஒரு குளம் இருந்தது, புல் இருந்தது, காற்று இருந்தது. மாளிகையைக் காணோம்.

“எங்க புள்ள ராஜா வீடு?”

“இதுதான் மாமி. அத்திவாரம் மட்டும்தான் மிச்சம்.”

“கூர இல்லையா?”

“இல்ல.”

“என் வீட்டுல இருக்கு,” என்றாள் சந்திரகாந்தா. ஒரு பழைய செங்கல் கட்டில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சுற்றிலும் காடும் குளமும் தூரத்து மலையும் கிடந்தன. அந்த மலைகளில் எது தன் மலை என்று தேடினாள், தெரியவில்லை, தேடிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: “இவ்வளவு உசரத்துல வீட்டக் கட்டிக்கிட்டு ஒருத்தன் இருந்திருக்கான். அவன யாரும் வத்தளைக்கு வாங்கன்னு கூப்புடல போல.”

ஹம்சிகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே போனை எடுத்து வீடியோவில் புருசனைக் கூப்பிட்டாள். சிங்கப் பாதத்தடியில் உட்கார்ந்திருந்த சதீஸ்குமாரின் முகம் திரையில் வந்தது. அவள் போனைத் திருப்பி மாமியைக் காட்டினாள், குளத்தைக் காட்டினாள், மறுபடி மாமியைக் காட்டினாள். அவன் திரையைக் கிட்டே பிடித்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

இறங்கி, பஸ் ஏறி, மாத்தளைக்கு வந்து, அந்திக் கோச்சியை ஓடிப் பிடித்தார்கள். ஓடியது என்று சொன்னது மரியாதைக்கு. சதீஸ்குமாருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. இரும்புக் கடையில் கதிரையில் உட்கார்ந்து பில் போடுகிற கால், என்ன செய்யும்? கார்ட் கொடியை ஆட்டாமல் ஒரு நிமிசம் பொறுத்ததால் மூன்று பேரும் ஏறினார்கள். கோச்சியில் மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். சாவி மட்டும் பைக்குள் சத்தம் போட்டது.

உக்குவளையில் இறங்கும்போது தூறல். முச்சக்கர வண்டி கீழ் லயத்தில் விட்டது. அழகையா குடையோடு வந்து, “அக்கா, படி ஈரமா கெடக்கு, கையத் தாங்க” என்றார்.

“உங்க கைய வச்சு ஆட்டப் புடிங்க,” என்று சொல்லிவிட்டு அவள் ஏறத் தொடங்கினாள்.

தன் படி. ஒவ்வொன்றும் அவள் வெட்டியது. எந்தப் படி சரியும், எது வழுக்கும் என்று காலுக்குத் தெரியும். போன மாதம் விழுந்த இடம் வந்தது. அங்கே நின்று, கம்பால் அந்தப் படியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தாண்டினாள். மேலே வந்து, தன் வாசலில், தன் கதவுக்கு முன்னால் நின்றாள்.

கதவு பூட்டியிருந்தது.

சாவி கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. நாலு படி ஏறி ஒரு தடவை நின்று, தொடையைப் பிடித்துக்கொண்டு வந்தான் மகன். ஹம்சிகா அவனைத் தாங்கினாள். அவள் பாதி வழியில் தனியாக மேலே வந்து, “மாமி, அந்தக் கம்பக் குடுங்க” என்று மட்டக்கம்பை வாங்கிக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தாள். தகரத்தில் தூறல் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சந்திரகாந்தா நின்றாள். உள்ளே அவளுடைய அடுப்பு, அவளுடைய பாய், அவளுடைய சாமிப் படம். வெளியே நனைந்துகொண்டு அவள். கண் கலங்கியது. சிங்கப் பாதத்தில் கலங்காத கண்.

சதீஸ்குமார் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தான். மூச்சு வாங்கியது. பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து நீட்டினான்.

அவள் உடனே வாங்கவில்லை.

“அந்த மலையில ஏறினதுல எனக்கு ஒண்ணும் ஆகல,” என்றாள். “இங்க நின்னதுதான் ஏலல. நீ வர்ற வரைக்கும் என் வீட்டு வாசல்ல என்ன நிக்க வச்சிட்ட. இனிமே எந்தக் கதவுக்கு முன்னாலயும் என்ன இப்புடி நிக்க வைக்காத.”

“விழுந்துட்டா?” என்றான் அவன்.  “மறுபடி விழுந்துட்டா, அம்மா?”

“விழுந்தா என் படியில விழுறேன். போன் அடிக்கிறேன், வா. வந்து பக்கத்துல உட்காரு. சாவியத் தொடாத.”

அவன் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தான்.  அவளும் கையை இழுக்கவில்லை.

பிறகு அவளே பூட்டைத் திறந்தாள், விளக்கைப் போட்டாள். சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“உள்ளுக்கு வாங்க ரெண்டு பேரும்,” என்றாள். “கால நல்லாக் கழுவிட்டு வாங்க. காலையிலதான் மெழுகி வச்ச வீடு.”